பதினைந்தாம் நாள் அழித்த கோடு

பல வருடங்களுக்கு முன்னால் கேட்ட ஒரு சத்தம் ரெஜினாளின் காதுக்குள்ளேயே தங்கிவிட்டது. எல்லோரும் வெளியே வந்து கனத்த இரும்புக் கதவைச் சாத்தியதும், உள்ளே மேசையில் ஒருத்தி மட்டும் மல்லாந்து கிடக்க, பெரிய பூட்டு ஒன்று தானாகத் திறந்துகொண்டது போல டொக்கென்று ஒரு சத்தம், அதன் பின் தேன்கூட்டைக் கம்பளியால் மூடிவைத்தது போல ஒரு நீண்ட முனகல், பிறகு மறுபடியும் ஒரு டொக். இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அந்த இரண்டு டொக்குக்கும் நடுவே அவள் மூச்சுவிட மறந்து நின்றாள். பிற்பாடு மெஷின் மாறியது, புது மெஷின் பூனை போலச் சத்தமில்லாமல் வேலை பார்த்தது, ஆனாலும் கதவைச் சாத்தியவுடன் அவளுக்குக் கேட்டது பழைய மெஷின்தான்.

நீர்க்காத்தான்குளத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுச் சிகிச்சை என்று பலகையில் எழுதியிருந்தாலும் ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கரண்டு வைக்கிறது என்றுதான் பெயர். கரண்டு வைப்பதற்கு முன்னால் கோடு போட வேண்டும். அந்தக் கோடு போடுகிறவள் ரெஜினாள். டாக்டர் அளவு சொல்லச் சொல்ல, கதிர் எங்கே விழ வேண்டுமோ அந்த இடத்தைச் சுற்றி, ஊதா மையில் தோய்த்த மெல்லிய குச்சியால் நான்கு பக்கக் கட்டமும் நடுவில் ஒரு சிலுவைக் குறியும் வரைவாள். வரைந்துவிட்டு, முப்பத்தைந்து வருடமாக ஒரு சொல் மாறாமல் சொன்னதையே சொல்லுவாள்.

"சோப்புப் படக் கூடாது, எண்ணெய் படக் கூடாது, அரிச்சாலும் சொறியக் கூடாது. இருபத்தஞ்சு கரண்டும் முடியுற வரைக்கும் கோடு உங்க மேல இருக்கணும். மங்கிட்டுன்னா எங்கிட்ட வாங்க, நீங்களா வரைஞ்சுக்கிடாதீங்க."

நீங்களா வரைஞ்சுக்கிடாதீங்க என்பதை அவள் சேர்த்துக்கொண்டது, ஒருத்தி வியர்வையில் கோடு அழிந்துபோன பயத்தில் புருசனை விட்டு ஸ்கெட்ச் பேனாவால் வரையச் சொல்லி, அந்த நல்ல மனுசன் மார்பில் இருந்த கட்டத்தைத் தொப்புள்வரை இழுத்து, ஓரத்தில் ஒரு பூவும் போட்டு அனுப்பிய பிறகு.

அந்த ஊர் கோட்டோடு வாழப் பழகிய ஊர். கழுத்திலோ நெஞ்சிலோ ஊதாக் கோடு தெரிந்தால் டவுன் பஸ்ஸில் கண்டக்டர், "கோட்டுக்காரங்களுக்கு எடம் விடுங்கப்பா" என்பார், யாராவது எழுந்திருப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு எதிரில் பாத்திமுத்து நடத்திய லாட்ஜின் கொடிக் கயிறுகளில் வருடம் முழுக்க ஊதாக் கறை படிந்த ரவிக்கைகள் காய்ந்தன. கடைசிக் கரண்டு முடிந்த அன்று ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ரெஜினாளே கோட்டைத் துடைத்து எடுப்பாள். அதற்குக் கோடழிப்பு என்று பெயர். அன்றைக்கு லாட்ஜில் அந்தப் பெண்ணுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவார்கள், பாத்திமுத்து அவல் பாயசம் வைப்பாள், யார் பெற்ற பிள்ளை என்று தெரியாமல் எல்லோரும் அழுவார்கள், சிரிப்பார்கள். சமைந்த பெண்ணுக்கு நீர் ஊற்றுவதைவிட அதுதான் அந்த ஊரில் பெரிய நீர் ஊற்று.

கங்குப்பூண்டு வந்தது டாக்டர் தணிகாசலம் வந்த பிறகு. குளம் வற்றி வெடித்த சேற்றில், ஐப்பசி மழைக்குப் பின் முளைத்துத் தை முடிவதற்குள் பட்டுப்போகிற, தண்டு சிவந்த ஒரு சிறிய பூண்டு அது. குளத்தங்கரையில் ஆடு மேய்க்கும் முத்துக்கிளியின் ஆட்கள், கொப்புளம் வந்தால் அதன் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் உட்காருவார்கள். வெயில் கெட்ட சதையை மட்டும் தேடிப் பிடித்துச் சுடும், நல்ல தோலைத் தொடாது. இதைக் கேள்விப்பட்ட தணிகாசலம், வெயிலுக்குக் காட்டிக்கொடுக்கிற செடி கரண்டுக்கும் காட்டிக்கொடுக்கும் என்று நினைத்தார். நினைத்தது சரியாகவும் இருந்தது. முதல் வருடம் பன்னிரண்டு பேருக்கு, கரண்டுக்கு அரை மணி நேரம் முன்பு ஒரு அவுன்ஸ் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். நாக்கு மடங்கிப்போகிற கசப்பு. ஆனால் கட்டிகள் வெல்லக்கட்டி போலக் கரைந்தன, தோல் வெந்து உரிகிற பாடும் குறைந்தது, இருபத்தைந்து கரண்டு கேட்ட இடத்தில் பதினைந்தே போதுமாக இருந்தது. தணிகாசலம் படம் பத்திரிகையில் வந்தது. நல்ல நிறம், நல்ல உயரம், கைகூப்பினால் யாருக்கும் மனசு இளகிவிடும் முகம்.

இரண்டாம் வருடம் ஜெனரல் வார்டில் முப்பத்திரண்டு பெண்கள். அவர்களில் ஒருத்தி ரெஜினாளின் தங்கை பிரகாசி. இடது மார்பில் கட்டி, புளியங்கொட்டை அளவு. தங்கையின் மேல் கோடு போடும்போது ரெஜினாளுக்குக் கை நடுங்கி மேல்கோடு சற்று வளைந்துவிட்டது.

"யக்கா, என்னத்தக் கோணக் கோடு போட்டிருக்க. முப்பது வருசம் சர்வீஸு, வெக்கமால்ல?" என்றாள் பிரகாசி.

"சிரிக்காம கெடட்டி. வயிறு குலுங்குனா கோடு குலுங்கும்."

பிரகாசி தினமும் எவர்சில்வர் டம்ளரில் பச்சைச் சாற்றைக் குடித்தாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "கசக்கும், நாக்க மடக்கிக் குடின்னு சொன்னியே. இது முருங்கக்கீர சூப்பு மாதிரில்ல இருக்கு. கொஞ்சம் மொளகு போடச் சொல்லு உங்க டாக்டர."

ரெஜினாள் சிரித்தாள். அதுதான் அவள் செய்தது. சிரித்துவிட்டு, டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தாள்.

பதினைந்தாம் நாள் தங்கையின் கோட்டைத் தன் கையால் துடைத்தாள். அந்த வாரமே முப்பத்திரண்டு பேரின் கோட்டையும் துடைத்தாள். பத்து நாள் முன்னாலேயே கோடழிப்பு வந்துவிட்டதில் ஊரே குளிர்ந்து போயிருந்தது. பாத்திமுத்து அண்டாவில் பாயசம் வைத்தாள். பிரகாசி எண்ணெய் வழிய உட்கார்ந்து, "டாக்டர் மவராசனா இருக்கணும்" என்றாள், ரெஜினாளும் ஆமென் என்றாள்.

இரண்டு வருடத்துக்குள் முப்பத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் செத்துப்போனார்கள். எட்டாவதாகப் போனவள் பிரகாசி. கட்டி கரைந்திருக்கவில்லை, உள்ளே பதுங்கியிருந்து எலும்புக்கு இறங்கியிருந்தது. அவளுடைய புருசன் அருளப்பன் பஸ் டிரைவர், அழத் தெரியாத ஆள், கல்லறையில் மண் தள்ளிவிட்டு வந்து பஸ்ஸின் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த முத்துக்கிளி, சோற்றுப் பந்தலில் ரெஜினாளின் பக்கத்தில் உட்கார்ந்து, தற்செயலாகக் கேட்டாள்.

"ஏம்மா, அந்த வருசம் தங்கச்சிக்குப் பூண்டு எங்கருந்து கெடச்சிது?"

"என்னக்கா கேக்க? நீதான குடுத்த."

"நா எங்க குடுத்தேன்? அந்த வருசம் மழையே இல்லியே. கொளத்துல ஒத்தச் செடி இல்ல. டாக்டரு ஆள் மேல ஆள் விட்டாரு, காட்டையெல்லாம் சலிச்சுப் பாத்தாச்சு, இல்லன்னு நானே வந்து சொன்னேன். சரின்னுட்டாரு."

முருங்கைக்கீரை சூப்பு என்று தங்கை சொன்னது ரெஜினாளுக்கு அப்போதுதான் உறைத்தது. வெளியூர் மருந்துக் கம்பெனிக்காரர்கள் சித்திரையில் வருவதாக இருந்தது, முடிவைக் காட்ட வேண்டியிருந்தது, செடி இல்லை என்று சொல்ல அந்த மனுசனுக்கு நாக்கு எழவில்லை. முருங்கைக்கீரையைப் பிழிந்து கொடுத்தார். அது பாவமில்லை, கீரை யாரையும் கொல்லாது. ஆனால் சாறு உள்ளே வேலை செய்கிறது என்று காகிதத்தில் எழுதிவிட்டு, மிச்சமிருந்த பத்துக் கரண்டையும் நிறுத்தினார். அதுதான் கொன்றது. நிறுத்தின கரண்டுக்கு அடையாளமாகக் கோட்டைத் துடைத்தது ரெஜினாளின் கை.

அவள் நிர்வாக அறைக்குப் போனாள். நிர்வாகி காகிதங்களைக் காட்டி, பேஷன்ட் எல்லாரும் சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க அம்மா, நோயோட குணம் அப்படி, என்றார். மறு வாரம் அவளை ரிக்கார்டு அறைக்கு மாற்றினார்கள், அடுத்த வருடம் சால்வை போட்டு ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். பதினைந்து கரண்டு போதும் என்கிற தணிகாசலத்தின் அறிக்கை வெளிநாட்டுப் பத்திரிகையில் அச்சாகி, வேறு ஊர்களில் வேறு பெண்களின் கோடுகளையும் சீக்கிரம் அழிக்க ஆயத்தம் நடந்தது. ரெஜினாள் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போய், மாதா சுரூபத்தின் முன்னால் நின்று, ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "மன்னிக்கச் சொல்லாதீங்கம்மா, அதுக்கு வேற ஆளப் பாருங்க."

இப்படியிருக்கையில், ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத் திறப்பு விழா அன்று காலை, டாக்டர் தணிகாசலம் குளிக்கப் போனபோது அவருடைய வலது விலாவில் ஊதா மையில் ஒரு கட்டமும் நடுவில் ஒரு சிலுவைக் குறியும் இருந்தன. சோப்புப் போட்டார், ஸ்பிரிட் போட்டார், போய்விட்டது. மறுநாள் காலை ஈரம் காயாத மையோடு அது அங்கேயே இருந்தது, அடிவயிற்றில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. மூன்றாம் நாள் கழுத்தடியில், காலருக்குள். நாளுக்கு ஒன்றாகப் பத்தொன்பது நாள் விழுந்து, பிறகு நின்றது. சட்டைக்குள் இருந்தவரைக்கும் அவர் மறைத்துவிட்டார். பன்னிரண்டாம் நாள் விழுந்தது இடது கன்னத்தில்.

ஊர் அதற்குப் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. கோட்டைப் பார்க்காத ஊரா அது.

"டாக்டருக்குக் கோடு விழுந்துருக்காமே" என்றார்கள் டீக்கடையில்.

"யாரு போட்டதாம்?"

"யாரும் போடல, அதுவா விழுந்துருக்கு."

"அப்ப அளவு கரெக்டா இருக்கும்."

கார் டிரைவர் சொல்லாமல் நின்றுவிட்டதால் அவர் ஒரு நாள் டவுன் பஸ்ஸில் ஏற வேண்டிவந்தது. கண்டக்டர் வாய்ப் பழக்கத்தில் கோட்டுக்காரருக்கு இடம் விடுங்கப்பா என்று சொல்லிவிட, நான்கு பேர் எழுந்தார்கள், எழுந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான்கு பேரும் மறுபடி உட்கார்ந்தார்கள். பெரிய டாக்டர்கள் வந்து அவரைப் படம் எடுத்துப் பார்த்தார்கள், உள்ளே ஒரு நோயும் இல்லை, கல்லு மாதிரி இருக்கிறார் என்றார்கள். லாட்ஜில் இருந்த பெண்களுக்குத்தான் கோபம். "எங்க கோட்ட அந்தாளு மேல போட்டா நாளைக்கு எங்களப் பாக்கிறவன் என்ன நெனப்பான்?" என்று அவர்கள் பாத்திமுத்துவிடம் சண்டைக்கு நின்றார்கள், அவள்தான் போட்டது மாதிரி. பாத்திமுத்து யோசித்து, "உங்க கோடு ஒண்ணு, அவரு கோடு பத்தொம்பது. எண்ணிப் பாத்துத் தெரிஞ்சுக்கிடட்டும்" என்று தீர்ப்புச் சொன்னாள். ஊர் அதை ஏற்றுக்கொண்டது.

ஒரு மத்தியானம் தணிகாசலம் ரெஜினாளின் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"ரெஜினாம்மா, நீங்க பார்த்தா தெரியும்னு சொன்னாங்க."

"சட்டையக் கழட்டுங்க."

கழற்றினார். பத்தொன்பது கட்டங்கள், ஒன்றன் மேல் ஒன்று ஏறி, தெருக்கள் குழம்பிப்போன ஊரின் வரைபடம் போல இருந்தது அந்த உடம்பு. ரெஜினாள் முறத்தை வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனாள். அவளுடைய நெஞ்சு நிறைந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

"எல்லாம் என் கை" என்றாள். "இது ஆவுடையம்மா. சின்ன வயசுல மாடு முட்டி தோள் கோணிப்போச்சு, அதான் மேல்கோடு சரிஞ்சிருக்கு. அடிவயித்துல இருக்கது சங்கரவடிவு, அவ கூச்சப்பட்டு நெளிஞ்சதுல மூலை ஒடஞ்சிருக்கு பாருங்க. கன்னத்துல இருக்கது மாடத்தி. வெத்தலயப் போட்டுப் போட்டு வாய்ல புத்து." விரல் இடது மார்புக்கு வந்தபோது நின்றது. வளைந்த மேல்கோடு. அதற்கு அவள் பெயர் சொல்லவில்லை.

"இத அழிக்க முடியுமா?" என்றார் அவர்.

அவள் உள்ளே போய் ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்துவந்து, ஆவுடையம்மாளின் கட்டத்தில் ஒரு மூலையை மட்டும் துடைத்தாள். "நாளைக்கு வாங்க" என்றாள். மறுநாள் அந்த மூலை வெறுமையாகவே இருந்தது. அவள் கை துடைத்தது மட்டும் திரும்பி வரவில்லை. அவர் அவளுடைய காலில் விழப் போனார், அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"இங்க பாரும்" என்றாள். நீங்க என்பது நீரு ஆகியிருந்ததை இருவரும் கவனித்தார்கள். "கோட்ட நெனச்ச நேரத்துல அழிக்க முடியாது. அந்தத் தப்ப நான் முப்பத்திரண்டு மட்டம் பண்ணிட்டேன். யாரு கோடோ அவ வீட்டுக்கு நீரு நடந்து வாரும். கார்ல இல்ல, நடந்து. அவ வீட்டு ஆளுங்க முன்னால சட்டையக் கழட்டி, இன்னது குடுத்தேன், இன்னது நிறுத்துனேன்னு உம்ம வாயால சொல்லும். சொன்ன பெறவு அந்த ஒரு கோட்ட அழிப்பேன்."

"அறிக்கையை வாபஸ் வாங்கி லெட்டர் எழுதிடறேன். அது போதாதா?"

"அதையும் எழுதும். அது ஊருக்கு. இது வீட்டுக்கு."

பங்குனி வெயிலில் அவர்கள் நடந்தார்கள். முன்னால் அவர், பத்தடி பின்னால் கையில் பையோடு ரெஜினாள். ஆவுடையம்மாளின் வீட்டில் அவளுடைய மூத்த மகன் முழுதும் கேட்டுவிட்டு, "சத்தமாச் சொல்லும், தெருவுக்குக் கேக்கல" என்றான். அவர் மறுபடி சொன்னார். மகன் உள்ளே போய், வாசல் மரத்துக் கீரையைப் பறித்து அம்மியில் வைத்து நசுக்கிப் பிழிந்து, ஒரு டம்ளர் முருங்கைச் சாறு கொண்டுவந்து நீட்டினான். அடிக்கவில்லை, திட்டவில்லை. "குடியும்" என்றான். அவர் குடித்தார். ரெஜினாள் கோட்டைத் துடைத்தாள்.

இந்தச் செய்தி அவர்களைவிட வேகமாக நடந்தது. அடுத்த வீட்டில் டம்ளர் தயாராக இருந்தது, அதற்கடுத்த வீட்டிலும் இருந்தது. ஆள் வரப்போகிறது என்று தெரிந்ததும் காலையிலேயே கீரை ஆய்ந்து, துணியில் வடிகட்டி, தட்டு போட்டு மூடிவைத்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லிவைக்காமலே அது ஒரு முறை ஆகிவிட்டது. வருவார், கழற்றுவார், சொல்லுவார், குடிப்பார், அவள் துடைப்பாள். பக்கத்துத் தெரு ஆட்கள் கூடி நின்று, சாவு வீட்டில் நிற்பது போலக் கைகட்டிப் பார்த்தார்கள். சில வீடுகளில் கட்டத்தின் நடுச் சிலுவையில் குங்குமம் வைத்தார்கள். சங்கரவடிவின் புருசன், "அவ இந்த எடத்த எனக்கே காட்ட மாட்டா, ஊருக்கே காட்டிட்டு நிக்காரே" என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்து அவருடைய வயிற்றைச் சுற்றிக் கட்டினான். மாடத்தியின் ஆத்தாளுக்குத் தொண்ணூறு வயது, கண் பாதிதான். அவரைக் கிட்ட வரச் சொல்லி, கன்னத்தைத் தடவித் தடவிக் கட்டத்தின் நான்கு ஓரத்தையும் கண்டுபிடித்து, வாயிலிருந்த வெற்றிலைச் சாறு முழுவதையும் அந்தக் கட்டத்துக்குள் துப்பினாள். ஒரு சொட்டுக்கூடக் கோட்டுக்கு வெளியே போகவில்லை.

ரெஜினாள் சிரித்தாள். வெயிலில் நடந்து நடந்து அவளுக்கு உடம்பு தேறியிருந்தது, கன்னம் நிரம்பியிருந்தது. அவர் இளைத்துக்கொண்டே போனார். எந்தத் தெருவில் எந்த வீடு என்று அவளுக்கு முன்பே அவருக்குத் தெரிய ஆரம்பித்தது. பத்தாவது வீட்டுக்குப் பிறகு பாத்திமுத்துவின் லாட்ஜில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவர் கடிதத்தை எழுதினார். செடி இல்லை, கொடுத்தது கீரை, பதினைந்து கரண்டு போதாது, என் அறிக்கையை நம்ப வேண்டாம். எழுதியதை லாட்ஜுப் பெண்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டச் செய்தாள் ரெஜினாள். அவர்கள் கேட்டுவிட்டுத் தங்கள் தங்கள் கோடு இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தது. அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. அவருடைய டாக்டர் லைசென்ஸையும் பறித்தார்கள். கங்குப்பூண்டைப் பற்றி அதன் பிறகு விசாரித்தது மதுரையிலிருந்து வந்த ஒரு சின்ன வயசு லேடி டாக்டர். மழை பெய்த வருடத்தில் மட்டும் பறித்து, இருபத்தைந்து கரண்டில் ஒன்றையும் குறைக்காமல் அதோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தாள். செடியின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

கடைசி வீடு பிரகாசியின் வீடு.

அருளப்பன் அன்று டூட்டிக்குப் போகவில்லை. வாசலில் நாற்காலி போட்டிருந்தான். கீரையும் இல்லை, டம்ளரும் இல்லை. தணிகாசலம் சட்டையைக் கழற்றினார். பதினெட்டும் போய், இடது மார்பில் அந்த ஒரு கட்டம் மட்டும், வியர்வையில் கொஞ்சம் வெளிறிப்போய் இருந்தது. அவர் சொன்னார். அழாமல், ஒரு வார்த்தை விடாமல், மனப்பாடமாகிவிட்டதைச் சொல்லுகிறவர் போல இல்லாமல் இப்போதுதான் முதல்முறை தெரிந்துகொண்டவர் போலச் சொன்னார். அருளப்பன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய், இரண்டு கையிலும் காப்பி கொண்டுவந்தான். ஒன்றை அவருக்குக் கொடுத்தான்.

"குடிங்க. நடந்து வந்துருக்கீங்க." பிறகு ரெஜினாளிடம் திரும்பி, "அழிச்சு விட்டுருங்க மைனி. போதும். அவ இருந்தா இந்நேரம் ஏதாவது கிண்டல் பண்ணிட்டு விட்டுருப்பா" என்றான்.

ரெஜினாள் பையிலிருந்து பஞ்சை எடுத்தாள். பாட்டிலைத் திறந்தாள். ஸ்பிரிட்டின் குளிர்ந்த வாசனை வாசல் முழுக்கப் பரவியது. கைக்கு எட்டும் தூரத்தில் அந்த வளைந்த மேல்கோடு, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கை போனது, கோட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது.

"இல்ல அருளு" என்றாள். "இத நான் ஒரு மட்டம் அழிச்சாச்சு. எண்ணெய் தேச்சுட்டு உக்காந்துருந்தா, சிரிச்சுக்கிட்டே அழிச்சேன். அந்தக் கைய வச்சு ரெண்டாம் மட்டமும் அழிக்கச் சொல்லாத."

"மைனி, சொன்ன சொல்லு..."

"சொன்னேன். சொல்லு தப்பிட்டேன்னு வச்சுக்க. அவரும்தான் தப்புனாரு."

பாட்டிலைக் கவிழ்த்து ஸ்பிரிட்டை மண்ணில் ஊற்றினாள். பிறகு பைக்குள் கையை விட்டு, யாரும் எதிர்பார்க்காத ஒன்றை எடுத்தாள். ரிக்கார்டு அறையிலிருந்து வரும்போது அவளோடு வந்துவிட்ட ஊதா மைப் புட்டி, மெல்லிய குச்சி. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் முன்னால் மண்டியிட்டாள். "அசையாதீரும்" என்றாள். மங்கியிருந்த கோட்டின் மேல், கீழிருந்து தொடங்கி, பக்கம் பக்கமாக, மூலை மூலையாக, அவசரமில்லாமல் வரைந்தாள். கடைசியாக மேல்கோடு. அதை நேராக்கவில்லை, வளைந்திருந்த இடத்தில் வளைத்தே வரைந்தாள். கை நடுங்கவேயில்லை. நடுவில் சிலுவையைப் போட்டு, ஊதி உலர்த்தி, எழுந்தாள்.

"சோப்புப் படக் கூடாது" என்றாள், "எண்ணெய் படக் கூடாது, அரிச்சாலும் சொறியக் கூடாது. மங்கிட்டுன்னா எங்கிட்ட வாரும்."

அருளப்பன் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான், அதன் பிறகு ஒரு வருடம் அவளோடு பேசவில்லை. அது ஒரு வருத்தம் அவளுக்கு. மற்றபடி அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய் மீன் வாங்கிக் குழம்பு வைத்து, இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

தணிகாசலம் கடலூரில் தம்பி வீட்டு மாடி அறையில் ஏழு வருடம் இருந்து, எழுபத்தொன்றாவது வயதில் இறந்தார். வருடத்துக்கு ஒரு முறை, பங்குனி மாதத்தில், பஸ் ஏறி நீர்க்காத்தான்குளத்துக்கு வந்து ரெஜினாளின் கையால் கோட்டைப் புதுப்பித்துக்கொண்டு போனார்.